பால் குடிக்காத சிசுவும், ஒலியால் பார்க்கும் யந்திரமும்

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேசிப் பழகிய மேடையில் இன்று பிறந்த குழந்தையின் இருதயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, சங்கத்துக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று யாராவது நினைக்கலாம். வேலை இருக்கிறது. நம் வீட்டில் பிறக்கிற குழந்தையைப் பற்றிய விஷயம் இது. விவரம் தெரிந்திருந்தால் குழந்தை பிழைக்கும்; தெரியாமல் ஒரு நாள் தாமதித்தால்கூடப் போய்விடும். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். புரியாத இடத்தில் கை தூக்குங்கள், நிறுத்திச் சொல்கிறோம்.

இருதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகிற தலைக்குழாய் ஒன்று இருக்கிறது. பெருந்தமனி என்று அதற்குப் பெயர். செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் முதலில் பெரிய வாய்க்காலில் ஓடும், பிறகு கிளை வாய்க்கால், பிறகு வயல். அந்த மாதிரிதான். இந்தக் குழாய் இருதயத்திலிருந்து மேலே ஏறி, கைத்தடியின் பிடி போல வளைந்து, முதுகுப் பக்கமாகக் கீழே இறங்குகிறது. வளைவில் மூன்று கிளைகள் பிரிகின்றன. தலைக்கும் இரண்டு கைகளுக்கும் ரத்தம் அவற்றின் வழியாகத்தான் போகிறது. மூன்றாவது கிளையைத் தாண்டியபின் குழாய் இறங்கி, ஈரல், குடல், சிறுநீரகம், கால்கள் எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுக்கிறது.

சில குழந்தைகளுக்கு, சரியாக அந்த மூன்றாவது கிளையைத் தாண்டிய இடத்தில், குழாய் நெரிந்து குறுகியிருக்கிறது. தாயின் வயிற்றில் உருவாகும்போதே வந்த குறை அது. என்ன ஆகும்? மேல்மடைக்குத் தண்ணீர் பாயும், கடைமடை காயும். விவசாயத் தோழர்களுக்கு இதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை. தலையும் கைகளும் நன்றாக இருக்கும். வயிறும் கால்களும் ரத்தமின்றித் தவிக்கும். நெரிந்த இடத்தின் வழியே தள்ளித் தள்ளி இருதயமும் ஓய்ந்துபோகும்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவற்றில் 8 அல்லது 9 குழந்தைகள் இருதயத்தில் ஏதாவது ஒரு கோளாறோடு பிறக்கின்றன. அவற்றில் பல, தானாகவே சரியாகிவிடுகிற சிறு கோளாறுகள். நாம் பேசுகிற இந்தத் தமனிக் குறுகல் 10,000 பிறப்புக்கு 3 அல்லது 4. இவ்வளவுதானா என்று தள்ளிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 8 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறக்கின்றன. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 250, 300 குழந்தைகள்! காலத்தில் கண்டுபிடித்தால் இவர்களில் மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடியும்.

அப்படியானால் பிறந்தவுடனே டாக்டர் பார்த்துச் சொல்லிவிட மாட்டாரா? இங்கேதான் இந்த நோயின் வஞ்சகம் இருக்கிறது.

தாயின் வயிற்றில் குழந்தை மூச்சு விடுவதில்லை. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லை. ஆகவே நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தின் பெரும் பகுதியைத் திருப்பிவிட இயற்கை ஒரு குறுக்குக் குழாய் போட்டிருக்கிறது. நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பி, பெருந்தமனியில் வந்து சேர்கிறது அது. எந்த இடத்தில் சேர்கிறது? அதே இடத்தில், அந்தக் குறுகல் வரும் இடத்தில்! குழந்தை பிறந்து அழுது மூச்சு விட ஆரம்பித்தால் குறுக்குக் குழாய்க்கு வேலை முடிந்தது. சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் அது சுருங்கி அடைபடும். சில குழந்தைகளுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும்.

அது திறந்திருக்கும்வரை குறுகலுள்ள குழந்தைக்கும் ஆபத்துத் தெரியாது. தலைவாய்க்காலில் அடைப்பிருந்தாலும் பக்கத்து வாய்க்கால் வழியாகக் கடைமடைக்குத் தண்ணீர் போகிறது அல்லவா? குழந்தை அழுகிறது, பால் குடிக்கிறது, எடை சரியாக இருக்கிறது. 'தாயும் சேயும் நலம்' என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அனுப்பியவர்மேல் குற்றமில்லை, அன்றைக்கு எல்லாம் நலம்தான். பிறகு வீட்டில், நாலாம் நாளோ பத்தாம் நாளோ, குறுக்குக் குழாய் அடைபடுகிறது. அடைபடும்போது பெருந்தமனியின் சுவரையும் பிடித்து இழுத்து இன்னும் நெரிக்கிறது. சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாக மாறிவிடும்.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். குழந்தை பால் குடிக்க ஆரம்பித்து, நாலு இழுப்பில் களைத்து விட்டுவிடும். நெற்றியில் வியர்வை கசியும். மூச்சு வேகமாக வாங்கும். நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் போகும். மூத்திரம் குறைந்துபோகும், துணி காய்ந்தே கிடக்கும். தொட்டுப் பார்த்தால் கை கதகதப்பாக இருக்கும், கால் மட்டும் சில்லிட்டிருக்கும். நிறம் வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல் ஆகும். பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கும்.

நம் வீடுகளில் இதற்கு என்ன பெயர் வைக்கிறோம்? மாந்தம் என்கிறோம், சீர் என்கிறோம், யார் கண்ணோ பட்டது என்கிறோம். உரைமருந்து கொடுக்கிறோம், வேப்பிலை அடிக்கிறோம். பாட்டிமார்களைக் கேலி செய்ய நாம் வரவில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள், எத்தனையோ பேரை வளர்த்து ஆளாக்கினார்கள். ஆனால் பாட்டி, இந்தக் குழந்தைக்கு உரைமருந்தில் வழியில்லை. தொண்டைக்குழிக்குக் கீழே ஒரு குழாய் நெரிந்து கிடக்கிறது. விடியட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்க அதற்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் கிருமி ஏறிய சிசுவும் இதே மாதிரிதான் துவண்டு கிடக்கும். ஆகவே கிருமி என்று எண்ணி, அதற்கான ஊசியை மட்டும் போட்டுக் காத்திருப்பது எல்லா நாட்டிலும் நடக்கிற தவறு. இதைத் தவிர்க்கக் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது: டாக்டரின் இரண்டு விரல். தொடை இடுக்கில் விரலை வைத்தால் நாடி தட்ட வேண்டும். கையில் நன்றாகத் தட்டி, தொடையில் தட்டாமலோ மெலிந்தோ இருந்தால் சந்தேகம் வந்தாயிற்று. அடுத்து, வலது கையிலும் காலிலும் ரத்த அழுத்தம் அளந்து பார்ப்பார்கள். கையைவிடக் காலில் 20 புள்ளிக்கு மேல் குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது.

கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்சிஜன் காட்டும் கருவி, அதையும் சிசுவின் வலது கையிலும் ஒரு காலிலும் மாட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். இருதயக் கோளாறுகள் பலவற்றை அது காட்டிக் கொடுக்கும். ஆனால் இந்தக் குறுகலைப் பல தடவை தவற விட்டுவிடும். கருவி சரியாகக் காட்டியது என்பதற்காகக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கக் கூடாது.

அப்படியானால் கண்ணால் பார்ப்பது எப்படி? அதற்குத்தான் ஒலி யந்திரம். 'எக்கோ' என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள்.

ஆலைத் தோழர்களுக்கு இந்த யந்திரம் புதிதல்ல. ரயில் பெட்டியின் அச்சுக்குள் வெடிப்பு இருக்கிறதா, வெல்டிங்குக்குள் ஓட்டை இருக்கிறதா, வார்ப்புக்குள் புழை விழுந்திருக்கிறதா என்று அறுத்துப் பார்க்காமலே கண்டுபிடிக்க என்ன செய்கிறோம்? எண்ணெய் தடவி, சிறு கட்டை ஒன்றை வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்புகிறோம். ஒலி போய், வெடிப்பில் முட்டி, எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கொண்டு எத்தனை ஆழத்தில் குறை இருக்கிறது என்று யந்திரம் காட்டுகிறது. தண்டவாளத்தை இப்படித்தான் சோதிக்கிறார்கள். எக்கோ யந்திரமும் இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான்.

உண்மையில் இருதயத்தைப் பார்த்த முதல் யந்திரமே தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். 1880-ல் பிரான்சில் கியூரி சகோதரர்கள், சில படிகக் கற்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகிறது என்று கண்டார்கள். அவர்களில் ஒருவரான பியர் கியூரியின் மாணவர் பால் லாஞ்ஜெவான், முதல் உலக யுத்தத்தின்போது அந்தக் கல்லைக் கொண்டு கடலுக்கடியில் ஒலியை அனுப்பி நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் வழியை உண்டாக்கினார். (இதே லாஞ்ஜெவானைத்தான் 1940-ல் நாஜிகள் சிறையில் போட்டார்கள். அவருடைய மருமகனைச் சுட்டுக் கொன்றார்கள். 1944-ல் அவர் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார்.) 1928-ல் லெனின்கிராடில் சொக்கலோவ் என்ற விஞ்ஞானி, இந்த ஒலியைக் கொண்டு உலோகத்துக்குள் இருக்கும் குறையைக் காணலாம் என்று வழி சொன்னார்.

பிறகு ஸ்வீடன். லுண்ட் என்ற ஊரில் இங்கே எட்லர் என்ற இருதய டாக்டரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக ஆசிரியரும் 1953-ல் கூடிப் பேசினார்கள். இரும்புக்குள் பார்க்கிற யந்திரத்தால் மனிதனின் நெஞ்சுக்குள் பார்க்க முடியாதா? பக்கத்து ஊரான மால்மோவில் கோக்கும்ஸ் என்ற கப்பல் கட்டும் தளம் இருந்தது. கப்பல் தகட்டைச் சோதிக்க அங்கே வைத்திருந்த கருவியை வாங்கி, ஹெர்ட்ஸ் தம் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். இருதயத் துடிப்புக்குத் தக்கபடி எதிரொலி ஆடியது! பிறகு ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனி யந்திரம் ஒன்றை இரவல் பெற்று, 1953 அக்டோபரில் இருதயச் சுவரின் அசைவைப் பதிவு செய்தார்கள். கப்பல் தொழிலாளியின் பணிக்கருவி அப்படித்தான் டாக்டர் கைக்குப் போனது. அன்றைக்கு அது காட்டியது கோடுகள்தான். அசைகிற முழுப் படம் 1970-களிலும், ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் வசதி 1980-களிலும் வந்தன.

நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். சிசுவின் இருதயத்தைப் பார்க்கிற கட்டை, நொடிக்கு ஏறக்குறைய 80 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் அதிர்வுகள் வரை அனுப்புகிறது. அதிர்வு கூடக் கூட நுணுக்கம் தெரியும், ஆனால் ஆழம் போகாது. சிசுவின் நெஞ்சு சின்னதுதானே, அதனால் அதுவே தோதானது. பெரியவர்களுக்கு வைக்கிற கட்டை இதில் நாலில் ஒரு பங்கு அதிர்வில் வேலை செய்யும். அதைச் சிசுவின் மேல் வைத்தால் படம் மங்கலாகத்தான் விழும். இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

சோதனையில் வலி கிடையாது, ஊசி கிடையாது, எக்ஸ்ரேயில் வருகிற கதிரும் கிடையாது. தாய்மார்கள் பயப்பட வேண்டாம். குழந்தைக்குப் பாலூட்டி, குளிராமல் போர்த்தி, தோளுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்துக் கழுத்தைச் சற்றே நிமிர்த்துவார்கள். மேலே தடவுகிற பசையைக்கூடக் கதகதப்பாக்கித் தடவ வேண்டும்; பச்சை உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும். கட்டையைத் தொண்டைக்குழியில் வைத்தால் அந்தக் கைத்தடி வளைவு அப்படியே திரையில் விழும். மூன்று கிளைகளையும் எண்ணலாம். குறுகலைக் கண்ணால் பார்க்கலாம். பின்சுவரிலிருந்து உள்ளே ஒரு பலகை நீட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும்.

பிறகு அளவு எடுக்கிறார்கள். லேத் தொழிலாளி வெர்னியர் பிடிப்பதுபோலத்தான். நிறைமாதக் குழந்தைக்கு அந்த இடத்தில் குழாயின் உள்விட்டம் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சந்தேகம் வலுக்கும். குழந்தையின் எடைக்கும் நீளத்துக்கும் தக்கபடி அட்டவணை போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கிளைகளுக்கிடையே உள்ள தூரம்கூட ஒரு தடயம்தான்: இரண்டாவது கிளைக்கும் மூன்றாவது கிளைக்கும் நடுவே அளவுக்கு மீறி இடைவெளி நீண்டிருந்தால் குறுகல் இருக்கக்கூடும். அரை மில்லிமீட்டர் பிசகினால் முடிவே மாறிப்போகிற வேலை இது.

அடுத்தது வேகம். தூரத்திலிருந்து வருகிற ரயிலின் ஊதல் நெருங்கும்போது கூர்மையாகவும் விலகும்போது தடித்தும் கேட்கிறதல்லவா? இந்த நியாயத்தை 1842-ல் எடுத்துச் சொன்னவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த டாப்ளர். ஓடுகிற ரத்தத்தில் ஒலியை மோதவிட்டு, திரும்பும் சுருதியைக் கொண்டு ரத்தத்தின் வேகத்தை யந்திரம் கணக்கிடுகிறது. ரப்பர் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் சீறிப் பாயும். குறுகிய தமனியிலும் அதே சீற்றம்தான். வேகத்தை வேகத்தால் பெருக்கி, அதை நாலால் பெருக்கினால், குறுகலின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். நொடிக்கு 3 மீட்டர் வேகம் என்றால் மூன்றும் மூன்றும் ஒன்பது, நாலொன்பது 36. திரையில் சிவப்பும் நீலமும் தெரியுமே, அதைப் பார்த்துச் சிலர் சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று பயந்துபோகிறார்கள். அதெல்லாம் இல்லை. கட்டையை நோக்கி வருவதற்குச் சிவப்பு, விலகிப் போவதற்கு நீலம், அவ்வளவுதான்.

வயிற்றின் மேல் கட்டையை வைத்துக் கடைமடையையும் பார்ப்பார்கள். அங்கே ரத்தம் துடிப்போடு ஏறி இறங்க வேண்டும். ஏறுவது மந்தமாகி, இறங்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போனால் மேலே எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு வசதி இருக்கிறதே, ஒரு தடவை எக்கோ எடுத்தால் விஷயம் முடிந்ததா? முடியவில்லை, தோழர்களே. இன்றைய பேச்சில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

குறுக்குக் குழாய் திறந்திருக்கும்போது எக்கோ எடுத்தால் குறுகல் தெரியாமலே போகலாம். வாய் அகன்று திறந்திருக்கிற குறுக்குக் குழாய் அந்த இடத்தையே விசாலமாகக் காட்டும். கடைமடைக்கு ரத்தம் குறுக்கு வழியில் போய்க்கொண்டிருப்பதால் வேகமும் கூடாது. நாலால் பெருக்குகிற கணக்கு 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடும். இருதயமே ஓய்ந்துபோன குழந்தைக்கும் அந்தக் கணக்கு இதே மாதிரிப் பொய் சொல்லும். தள்ளுவதற்குத் தெம்பில்லை என்றால் சீற்றம் எங்கிருந்து வரும்? ஆகவே வளைவு சிறுத்திருக்கிறது, சந்தேகம் இருக்கிறது என்றால், குறுக்குக் குழாய் முழுக்க அடைபடும்வரை குழந்தையை டாக்டர்கள் கண்பார்வையிலேயே வைத்து, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அடைபட்ட பிறகும் ஒரு தடவை பார்த்து 'இல்லை' என்றால்தான் இல்லை. இரண்டாம் நாள் எக்கோ எடுத்து 'நார்மல்' என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு பத்தாம் நாள் வந்த களைப்பை அலட்சியம் செய்தால் அந்தச் சீட்டே எமனாகிவிடும்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. அஞ்சாம் மாத ஸ்கேனிலோ அதற்குப் பிறகோ, வயிற்றிலிருக்கிற குழந்தையின் இருதயத்தில் வலது அறை பெரிதாகவும் இடது அறை சிறிதாகவும் தெரிந்தால் தமனிக் குறுகலாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்வார். வீடே இடிந்து போய் உட்கார்ந்துவிடும். அப்படிச் சந்தேகப்பட்ட குழந்தைகளில் கணிசமானவர்களுக்குப் பிறந்த பின் ஒன்றுமே இருப்பதில்லை. அந்தச் சந்தேகத்தால் லாபம்தான்: எங்கே பிரசவம் பார்ப்பது, யார் பக்கத்தில் இருப்பது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். இந்த ஒலி யந்திரத்தைப் பெண் சிசுவைக் கண்டுபிடித்து அழிக்க உபயோகித்த பாவிகளும் நம் நாட்டில் இருந்ததால்தான் 1994-ல் சட்டம் போட்டு யந்திரத்தைப் பதிவு செய்யச் சொன்னார்கள். சட்டம் வேண்டியதுதான். அதற்காக ஸ்கேன் என்றாலே தப்பான காரியம் என்று ஒதுங்கக் கூடாது.

குறுகல் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? அடைபடுகிற குறுக்குக் குழாயைத் திரும்பத் திறக்க ஒரு மருந்து இருக்கிறது. ப்ராஸ்டாகிளாண்டின் என்பது அதன் பெயர். 1970-களில் உபயோகத்துக்கு வந்தது. சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றினால், பல குழந்தைகளுக்குச் சில மணி நேரத்துக்குள் காலில் சூடு திரும்பும், மூத்திரம் போகும். அந்த மருந்தால் சில சமயம் மூச்சு நின்றுபோகும். ஆகவே பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், மூச்சுக் கருவி இருக்க வேண்டும். இதனால் நோய் தீராது, அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி ஆபரேஷன் செய்ய வேண்டும். நெரிந்த துண்டை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். 1944-ல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதன்முதலில் செய்து காட்டிய ஆபரேஷன் இது. 80 வருஷத்துக்கு முந்திய சமாசாரம்! பிறகு குழந்தை ஓடும், ஆடும், பள்ளிக்கூடம் போகும். அந்த இடம் திரும்பக் குறுகுவதுண்டு. ஆகவே வருஷா வருஷம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். வித்தை எங்கோ இருக்கிறது, நாம் எங்கோ இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். 1975-ல் இந்தியாவின் முதல் இருதய பைபாஸ் ஆபரேஷன் நடந்தது பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். ரயில்வேத் தொழிலாளிக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி அது, அதைச் சொல்வதில் நமக்குப் பெருமை உண்டு. பின்னால் அவர் முன்நின்று மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இருதய ஆஸ்பத்திரியை மொகப்பேரில் உருவாக்கினார். 2025 ஜனவரியில் அவர் காலமானார். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மொகப்பேர் பக்கத்து ஊர். குழந்தைகளின் இருதயத்துக்காக வேறு ராஜ்யங்களிலிருந்தெல்லாம் ரயிலேறி அங்கே வருகிறார்கள். சர்க்கார் தரப்பில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் அது இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். 2022-ல் திருவள்ளூரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று.

தூரம் பெரிதல்ல. ஆனால் துவண்டு கிடக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கே ஓடுகிறோம்? தெருமுனை டாக்டரிடம். அவர் சொட்டு மருந்து எழுதுகிறார். மறுநாள் நர்சிங் ஹோம். அங்கே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். தகப்பன் சூபர்வைசரிடம் கெஞ்சி, வட்டிக்கு வாங்கி வருவதற்குள் அடுத்த நாளும் போய்விடுகிறது. பாதை தெரியாமல் இப்படி வீணாகப் போகும் நேரம் அந்தக் குழந்தையின் உயிர் நேரம்.

பணம் கட்டாத பாதை இருக்கிறது. 2011 ஜூனில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த தாய்-சேய் திட்டத்தின்படி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் நோயுற்ற சிசுவுக்கு மருந்து, சோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். முதலில் 30 நாள் வரை என்றிருந்தது, பின்னால் ஒரு வருஷமாக்கினார்கள். 2008 முதல் 108 வண்டி இருக்கிறது. 2012 முதல் நடக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இருதய ஆபரேஷனும் சேர்ந்ததுதான். குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை. ஈ.எஸ்.ஐ. சீட்டுள்ள தொழிலாளிக்குப் பிறந்த குழந்தைக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு.

இங்கே ஒரு ஓட்டையைச் சொல்லாமல் போக முடியாது. காப்பீட்டுத் திட்டத்துக்கு வருஷ வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது, 1,20,000 ஆக உயர்த்தினார்கள். மாதத்துக்கு 10,000. ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பை 2017 ஜனவரியில் 21,000 ஆக்கினார்கள். மாதம் 13,000 வாங்குகிற கான்ட்ராக்ட் தொழிலாளி முதல் வரம்பைத் தாண்டிவிட்டான். அவனுக்கு ஈ.எஸ்.ஐ. கிடைக்க வேண்டும். ஆனால் கான்ட்ராக்டர் பேர் பதியாமல் விட்டால்? அவன் குழந்தை இரண்டு வரப்புக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. ஆகவே உங்கள் ஈ.எஸ்.ஐ. நம்பரைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே சரிபாருங்கள். பேர் இல்லையென்றால் சங்க ஆபீசுக்கு வாருங்கள். இது பிரசவத்துக்குப் பிறகு பேசுகிற விஷயமல்ல.

பக்கத்துக் கேரளத்தில் 2017-ல் 'ஹ்ருத்யம்' என்ற திட்டம் போட்டார்கள். எந்த ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு இருதயக் கோளாறு தெரிந்தாலும் உடனே கம்ப்யூட்டரில் பதிவு செய்து, அவசரத்துக்குத் தக்கபடி தரம் பிரித்து, எந்த ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறதோ அங்கே சேர்க்கிறார்கள். தகப்பன் முன்பணத்துக்கு அலைவதற்குப் பதில் சர்க்கார் படுக்கைக்கு அலைகிறது. இங்கேயும் அது ஆகாத காரியமல்ல. தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. குழந்தை நம் கைக்கு வருமுன் டாக்டர் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் தொடை நாடியைத் தொட்டுப் பார்க்க எத்தனை நொடி ஆகும்?

வீட்டுக்கு வந்த பிறகும் ஏற்பாடு ஒன்று உண்டு. 2011-ல் வகுத்த திட்டப்படி, பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். அந்த 7-ம் நாளும் 14-ம் நாளும்தான் இந்த நோய் தலைகாட்டும் காலம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, ஆவடி 2019-ல் மாநகராட்சியானது. ஊர் நகரமாகிவிட்டதென்று அந்த வருகை நின்றுபோகக் கூடாது. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற குடிசைக் குழந்தைக்கும் அது வர வேண்டும். நர்ஸ் வந்தால் எடை பார்ப்பதோடு விட்டுவிடாமல், 'அம்மா, காலைத் தொட்டுப் பாருங்கள், பால் குடிக்கிற களைப்பைப் பாருங்கள்' என்று தாய்மார்களே கேட்க வேண்டும்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியவற்றை மகஜராக எழுதியிருக்கிறோம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி சர்க்கார் ஆஸ்பத்திரிகள் மூன்றிலும் இதே கேள்விகளைத்தான் கேட்கப் போகிறோம். வீட்டுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு சிசுவுக்கும் தொடை நாடி பார்த்து, கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்த்து, சீட்டில் எழுதுகிறார்களா? எக்கோ யந்திரத்தோடு சிசுவுக்கான சின்னக் கட்டை இருக்கிறதா, அல்லது பெரியவர்களுக்கானது மட்டும்தானா? அதைப் பிடிக்கப் பழகிய டாக்டர் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைப்பாரா? அவர் இல்லாத நேரத்தில் படத்தை எழும்பூருக்கு அனுப்பிக் கேட்க ஏற்பாடு உண்டா? குறுக்குக் குழாயைத் திறக்கும் அந்த மருந்து குளிர்பெட்டியில் இருக்கிறதா? அது சாதாரண அலமாரியில் வைக்கிற மருந்தல்ல. 108 வண்டியில் ஏறும் சிசுவோடு சொட்டு மருந்தையும் மூச்சுக் கருவியையும் கவனிக்க ஆள் வருகிறாரா? இருக்கிற இடத்தில் 'நன்றி, இப்படியே நடத்துங்கள்' என்போம். இல்லாத இடத்தில் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதி வாங்குவோம்.

மகஜர் அந்த மேஜையில் இருக்கிறது. இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். மாசமாக இருக்கிற தாய்மார்கள் வரிசையில் நிற்க வேண்டாம், உட்கார்ந்திருங்கள், காகிதத்தை உங்களிடமே கொண்டு வருகிறோம்.